நானோ வெள்ளியையும் ஹியூமிக் அமிலத்தையும் ஒரே குட்டையில் ஊற்றினால் என்ன ஆகும்?

பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. மருந்துக் கடையில் "நானோ சில்வர்" (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்த நீர்) என்று ஒரு கேனைக் காட்டி, இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ கிருமியைக் கொல்லும், குட்டையில் ஊற்றுங்கள் என்கிறார்களாம். அதே கடையில் ஹியூமிக் அமிலமும் விற்கிறார்கள். அதையும் சேர்த்து ஊற்றிவிட்டால் வெள்ளியின் விஷம் இறாலைத் தொடாது என்பது கடைக்காரர் வாதம். கல்லூரியில் வேதியியல் படிக்கும் இவருடைய அண்ணன் மகளோ, "சித்தப்பா, ஹியூமிக் இருந்தால் அந்தத் துகள் அடியில் படியாமல் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டு இன்னும் தூரம் போகும்" என்கிறாள். இதில் யார் சொல்வது சரி, அறுவடை முடிந்து வடிகாலில் விடும் தண்ணீர் வெள்ளாற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு பேர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இருவரும் உங்கள் குட்டைத் தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல் பேசுகிறார்கள். நான் புதுச்சேரியில் தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருப்பவன். இந்த விஷயத்தில் துகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு (அதாவது கால்சியம்) எவ்வளவு, வெயில் படுகிறதா, அடியில் கறுப்புச் சேறு இருக்கிறதா, இதெல்லாம் தெரியாமல் "ஹியூமிக் காப்பாற்றும்", "ஹியூமிக் பரப்பும்" என்று ஒற்றை வரியில் சொல்வதில் அர்த்தமில்லை.

முதலில் ஹியூமிக் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் கேனில் வாங்கினால்தான் அது குட்டைக்குள் வரும் என்று நினைக்கிறார்கள். இலை, தழை, பாசி, செத்த புழு பூச்சி, தின்னாமல் விட்ட தீவனம், இறால் கழிவு எல்லாம் மக்கும்போது முழுசாகக் கரியமில வாயுவாகப் போய்விடுவதில்லை. ஒரு பங்கு பழுப்பு நிறத்தில், பெரிய பெரிய சிக்கலான மூலக்கூறுகளாகத் தண்ணீரில் தங்கிவிடுகிறது. அதில் அமிலம் சேர்த்து பிஹெச்சை ஒன்று, இரண்டுக்கு இறக்கினால் படிந்துவிடுவதை ஹியூமிக் அமிலம் என்றும், எந்த பிஹெச்சிலும் கரைந்தே இருப்பதை ஃபல்விக் அமிலம் என்றும் பிரித்திருக்கிறார்கள். இவற்றோடு பாசியும் பாக்டீரியாவும் கக்குகிற கொழகொழப்பான சர்க்கரைச் சங்கிலிகள், புரதத் துணுக்குகள் எல்லாம் சேர்ந்ததுதான் இயற்கைக் கரிமப் பொருள். சாதாரண ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரை கரைந்த கரிமம் இருக்கும், நடுக்கடலில் 1 மில்லிகிராமுக்கும் கீழே. பிச்சாவரத்தில் அலையாத்தி இலை ஊறிக் கிடக்கிற சின்ன ஓடைகளில் தண்ணீர் தேநீர் நிறத்தில் தெரிவது இதனால்தான். கடைசி மாதத்து இறால் குட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆற்றில் இருப்பதைவிடத் தாராளமாகவே இருக்கும்.

இதற்கு எதிரில் நானோ துகள் எவ்வளவு என்று பாருங்கள். துணி, பெயின்ட், கிரீம் எல்லாவற்றிலிருந்தும் கழிந்து ஆற்றுக்கு வரும் நானோ வெள்ளி லிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதாவது துகளைவிடக் கரிமப் பொருள் எடையில் பத்து லட்சம் மடங்குக்குக் கிட்ட அதிகம். நீங்கள் வேண்டுமென்றே கேனில் ஊற்றினால் இந்த விகிதம் குறையும், ஆனாலும் கரிமம்தான் பெரும்பான்மை. அதனால் "ஹியூமிக் சேர்த்தால்" என்கிற கேள்வியே கொஞ்சம் கோணல்தான். நீங்கள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது அங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

துகள் தண்ணீரில் விழுந்த சில நிமிடங்களிலேயே அதன் மேல் இந்தக் கரிமம் ஒட்டத் தொடங்கிவிடும். சில நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு பூச்சு. டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு போன்றவற்றில் கரிமத்தின் கார்பாக்சில் எனும் அமிலத் தொகுதிகள் நேராக மேற்பரப்பு உலோக அணுவையே பிடித்துக்கொள்ளும்; கார்பன் நானோகுழாயில் தண்ணீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டும்; வெள்ளியில் கந்தகம் உள்ள தொகுதிகள் விடாப்பிடியாகப் பிடிக்கும். கம்பெனியில் போட்டு அனுப்பிய சிட்ரேட் பூச்சு மெலிசானது, சுலபமாக இடம் விட்டுக்கொடுத்துவிடும். பிவிபி போன்ற பாலிமர் பூச்சு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதன் மேலேயும் கரிமம் ஏறும். ஆக, கேனில் இருந்த துகளுக்கும் பத்து நிமிடம் கழித்துக் குட்டையில் இருக்கும் துகளுக்கும் வெளித்தோற்றம் வேறு. கிருமியோ இறாலின் செவுளோ தொடுவது வெள்ளியை அல்ல, அந்தப் பூச்சைத்தான்.

இப்போது உங்கள் அண்ணன் மகள் சொன்ன விஷயத்துக்கு வருவோம். 20 நானோமீட்டர் வெள்ளித் துகள் ஒன்று, தனியாக விட்டால், அசையாத தண்ணீரில் 1 மீட்டர் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? துகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் சுமார் 15 ஆண்டுகள் வருகிறது. உண்மையில் அது இறங்கவே இறங்காது, தண்ணீர் மூலக்கூறுகள் இடித்து இடித்து மேலேயே அலைக்கழித்துக்கொண்டிருக்கும். அதே வெள்ளி 2 மைக்ரான் கட்டியானால் 13 மணி நேரத்தில் 1 மீட்டர் இறங்கிவிடும், கட்டி இறுக்கமில்லாமல் பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. அதனால் துகள் திரளுமா, தனித்தனியாக இருக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திரளாமல் தடுப்பது இரண்டு விஷயம். ஒன்று மின்சுமை. கரிமப் பூச்சு எதிர்மின் சுமை கொண்டது, எல்லாத் துகளுக்கும் ஒரே சுமை வந்துவிட்டால் ஒன்றையொன்று தள்ளும். இன்னொன்று, பூச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள் இடத்தை அடைத்துக்கொண்டு பக்கத்துத் துகளை நெருங்க விடாமல் செய்வது. 2007-இல் வந்த ஒரு ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் சுவானி ஆற்றுக் கரிமத்தில் பல சுவர் கார்பன் நானோகுழாய்களைக் கலக்கிவிட்டுப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரில் உடனே அடியில் போய் உட்காரும் சமாச்சாரம், ஆற்றுக் கரிமத்தில் ஒரு மாதத்துக்கு மேல் கறுப்பாக மிதந்துகொண்டே இருந்தது. ஆய்வகத்தில் இதற்கென்றே பயன்படுத்தும் சோப்புப் பொருளைவிட ஆற்றுத் தண்ணீர் நன்றாக வேலை செய்தது. அண்ணன் மகள் படித்தது அநேகமாக இந்த வழியில் வந்த பாடம்தான். அதில் தப்பே இல்லை.

ஆனால் அது உப்புக் குறைந்த ஆற்று நீர்.

உப்புக் கூடக் கூட மின்சுமைத் தள்ளல் வலுவிழக்கும். சோடியம் மாதிரி ஒற்றைச் சுமை அயனிகளைவிட, கால்சியம், மக்னீசியம் மாதிரி இரட்டைச் சுமை அயனிகள் பல மடங்கு வேகமாக இதைச் செய்யும், இது நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விதி. கால்சியத்துக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. ஒரு துகளின் பூச்சில் இருக்கும் கார்பாக்சிலை ஒரு கையாலும் அடுத்த துகளின் பூச்சில் இருப்பதை மறு கையாலும் பிடித்து இரண்டையும் கோத்துவிடும். மக்னீசியத்துக்கு இந்தப் பிடி அவ்வளவு இல்லை. ஃபுல்லரீன் என்கிற பந்து வடிவக் கார்பனை வைத்துச் செய்த சோதனைகளில் இது பளிச்சென்று தெரிந்தது: சோடியம், மக்னீசியம் உப்பில் ஹியூமிக் அமிலம் துகளைத் திரளாமல் காத்தது, கால்சியம் அதிகமானதும் அதே ஹியூமிக் அமிலம் இல்லாததைவிட வேகமாகத் திரள வைத்தது. காப்பாற்றிய அதே பூச்சு காட்டிக்கொடுக்கும் பூச்சாக மாறுகிறது, மாற்றியது சுண்ணாம்பு.

பாசி கக்கும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகளுக்கு இந்த வேலை இன்னும் நன்றாக வரும். நம் வீட்டில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசுவார்களே, அங்கே நடப்பதும் இதுதான்: விதையிலிருந்து வரும் நீளமான மூலக்கூறுகள் மண் துகள்களைக் கோத்துக் கனமாக்கி அடியில் இறக்குகின்றன. அதாவது "கரிமம் துகளை மிதக்க வைக்கும்" என்பதற்கு நேர் எதிரான சாட்சியம் பல தலைமுறையாக நம் சமையலறையிலேயே இருந்திருக்கிறது. குட்டையான, அடர்த்தியான ஹியூமிக் மூலக்கூறு துகளைச் சுற்றி மூடும். நீளமான நார் மாதிரி மூலக்கூறு பல துகள்களைச் சேர்த்துக் கட்டும். பூமி முழுக்க எல்லாத் தண்ணீரிலும் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன, விகிதம்தான் வேறு.

சரி, உங்கள் குட்டை. 15 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 15 கிராம்) உப்பு என்று வைத்துக்கொள்வோம், கடலில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. அந்தத் தண்ணீரில் லிட்டருக்குக் கால்சியம் 170 மில்லிகிராம் சுமாருக்கு, மக்னீசியம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல், குளோரைடு 8,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். நீங்கள் காரத்தன்மைக்காகச் சுண்ணாம்பு, டோலமைட் எல்லாம் போடுவீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த உப்பில் மின்சுமைத் தள்ளல் கிட்டத்தட்ட பூஜ்யம். இடத்தை அடைக்கிற பூச்சு மட்டும்தான் துகளைப் பிரித்து வைக்க முடியும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. போதாததற்குப் பாசி, களிமண், தீவனத் தூள் என்று வேறு துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நானோ துகள் தன்னைப் போன்ற இன்னொன்றைச் சந்திப்பதற்கு முன்னால் ஒரு களிமண் துகளையோ பாசியையோ சந்தித்து ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் நானோ துகளையே லிட்டருக்குப் பல மில்லிகிராம் போட்டுச் சோதிக்கும்போது தங்களுக்குள் திரள்வதுதான் பெரிதாகத் தெரியும், வெளியில் மற்றவற்றோடு ஒட்டுவதுதான் முக்கியம். நான் படிக்கிற ஆய்வுக் கட்டுரைகளில் எனக்கு எரிச்சலூட்டும் விஷயம் இதுதான், நிஜத்தைவிட ஆயிரம் மடங்கு துகளைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு முடிவு சொல்லிவிடுகிறார்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துச் சரக்கு, வயலுக்கு நல்ல பொருள்தான். ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கரிமம், காரத்தில் கரைத்துப் பொட்டாசியம் உப்பாக விற்கிறார்கள். இன்றைய பாசியும் தீவனமும் மக்கி வரும் கரிமத்துக்கும் இதற்கும் குணம் ஒன்றல்ல. உப்புத் தண்ணீரில் ஊற்றினால் ஒரு பங்கு ஹியூமிக் தானே திரிந்து பழுப்புத் திப்பியாகப் படியும். ஆற்று நீர் கடல் நீரைச் சந்திக்கும் கழிமுகத்தில் ஹியூமிக் இப்படித்தான் படிகிறது என்பது 1970-களிலிருந்தே தெரியும். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சுவானி ஆற்றுக் கரிமம் ஜார்ஜியா மாநிலத்துச் சதுப்பு நிலத்திலிருந்து வருகிறது, உப்பும் சுண்ணாம்பும் குறைந்த அமிலத் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஒரே பொருள் வேண்டும் என்பது நியாயம், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை ஊசுட்டேரிக்கோ வீராணத்துக்கோ அப்படியே ஒட்ட முடியாது, பிச்சாவரத்துக்கு நிச்சயமாக முடியாது.

கடைக்காரர் சொன்ன விஷம் பற்றிய பகுதிக்கு வருவோம். வெள்ளித் துகள் கிருமியைக் கொல்வதில் பெரும்பங்கு அதிலிருந்து கசியும் வெள்ளி அயனியுடையது. ஆக்சிஜன் பட்டு மேற்பரப்பு மெல்ல மெல்லக் கரைந்து அயனியாகிறது. ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள் இருந்தால் இப்படிக் கரையும் வேகம் குறையும் என்பது அளந்து பார்த்த உண்மை. கசிந்த அயனியையும் கரிமத்திலுள்ள கந்தகத் தொகுதிகள் பிடித்துக்கொள்ளும். அதனால் பாக்டீரியாவுக்கும் நீர்ப்பூச்சிக்கும் விஷம் குறைகிறது, பல சோதனைகளில் இது வந்திருக்கிறது. கடைக்காரர் இதைத்தான் எங்கோ கேட்டிருக்கிறார்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. இறாலைத் தொடாத வெள்ளி விப்ரியோவையும் தொடாது! அயனியைக் கரிமம் பிடித்துக்கொண்டால் அது கிருமிக்கு வேறு, இறாலுக்கு வேறு என்று ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. ஒரே கடையில் மருந்தையும் மாற்று மருந்தையும் சேர்த்து வாங்கி ஒரே நாளில் ஊற்றுவதற்கு இது சமம். இதில் லாபம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு உப்புத் தண்ணீரில் குளோரைடு வேறு வெள்ளி அயனியைப் பங்குக்கு இழுக்கும். 8,000 மில்லிகிராம் குளோரைடில் தனித்து நிற்கும் வெள்ளி அயனி மிகச் சொற்பம், பெரும்பாலானது குளோரைடோடு சேர்ந்த கரையும் கூட்டாகத்தான் இருக்கும். ஆகவே ஊற்றிய அளவில் எவ்வளவு "வேலை செய்யும்" வெள்ளி என்று கேட்டால், பாட்டிலில் எழுதியிருக்கும் பிபிஎம் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அளவு) எந்த வழிகாட்டலும் தராது. வேலை செய்கிற அந்தக் கொஞ்சமும் முதலில் யாரைப் பதம் பார்க்கும்? நீங்கள் காசு கொடுத்து மொலாசஸில் ஊற வைத்து ஊற்றிய ப்ரோபயாடிக்கையும், அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவையும். இந்த நைட்ரேட் பாக்டீரியாக்கள் நானோ வெள்ளிக்கு ரொம்பவே மென்மையானவை என்பது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆய்வுகளில் வந்த விஷயம். வெள்ளி ஊற்றிய அடுத்த வாரம் அமோனியா ஏறியது என்றால் தீவனத்தை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

வெயிலையும் விடக்கூடாது, கடலூர் வெயில் சாதாரணமா. கரிமம் சூரிய ஒளியை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. கரைந்த வெள்ளி அயனியைத் திரும்பவும் வெள்ளி உலோகமாக்கி, புதிய நானோ துகளையே உண்டாக்கும். ஒளியோ சூடோ இருந்தால் ஆற்றுக் கரிமம் இதைச் செய்கிறது என்று 2011 வாக்கிலிருந்தே காட்டியிருக்கிறார்கள். ஆகவே தண்ணீரில் பார்க்கும் நானோ வெள்ளி தொழிற்சாலையில் செய்ததா, அங்கேயே உருவானதா என்று சொல்வதுகூடச் சிரமம். டைட்டானியம் டை ஆக்சைடு விஷயத்தில் கரிமம் இரண்டு பக்கமும் ஆடும்: வெயிலில் துகள் உண்டாக்கும் தீவிரமான ஆக்சிஜன் வகைகளைத் தின்று தீர்த்து ஆபத்தைக் குறைக்கும், அதே வெயிலில் தானே சில வகை ஆக்சிஜனை உண்டாக்கவும் செய்யும். புதுச்சேரிக் கடற்கரையில் குளிப்பவர்கள் பூசும் சன்ஸ்கிரீனில் வருவது இந்த டைட்டானியமும் துத்தநாக ஆக்சைடும்தான். துத்தநாக ஆக்சைடு தண்ணீரில் நன்றாகவே கரையும், அங்கே துகளைவிடத் துத்தநாக அயனிதான் கவலை. நானோ யூரியாவை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், யூரியா தண்ணீரில் கரைந்துவிடும் பொருள், அதன் கேள்விகள் வேறு.

கடைசியில் வெள்ளி எங்கே போகிறது? பெரும்பாலும் அடியில் இருக்கும் கறுப்புச் சேற்றுக்கு. அங்கே ஆக்சிஜன் இல்லை, அழுகின முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. வெள்ளி அதோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிவிடும், அது கிட்டத்தட்ட கரையாத பொருள், விஷமும் வெகுவாகக் குறையும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகக் குழு செயற்கைச் சதுப்பு நிலத் தொட்டிகளில் நானோ வெள்ளியை விட்டுப் பார்த்தபோது, மண்ணிலும் சேற்றிலும் சேர்ந்த வெள்ளி பெருமளவு சல்ஃபைடாக மாறியிருந்தது. அப்படியானால் தொல்லை தீர்ந்ததா என்றால், அதே தொட்டிகளில் செடிகளுக்குள்ளும் வெள்ளி போயிருந்தது. கனடாவில் இன்னும் ஒரு படி மேலே போய், 222 என்று எண் போட்ட ஒரு நிஜ ஏரியிலேயே 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நானோ வெள்ளியை விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏரி மீன்களின் ஈரலில் வெள்ளி சேர்ந்தது. விஷம் குறைந்துவிட்டது என்பதும் உயிருக்குள் போகாது என்பதும் ஒன்றல்ல.

வடிகால் தண்ணீர் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் என்ன செய்யும் என்பதற்குப் பருவத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. சித்திரை, வைகாசியில் முகத்துவாரம் முழுக்க உப்பு. துகள், களிமண், பாசிக் கொழகொழப்பு எல்லாம் சேர்ந்து திப்பியாகி விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே படியும். படிகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மட்டியும் ஆளியும் தண்ணீரை வடிகட்டித் தின்பவை, தனித்தனி நானோ துகளைவிட இந்தத் திப்பியைப் பிடிப்பதுதான் அவற்றுக்குச் சுலபம். தனித்துகளாக இருந்தால் செவுள் வழியே நழுவிப் போயிருக்கும் சரக்கு, கரிமம் கட்டிக் கொடுத்ததால் வயிற்றுக்குள் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்து வெள்ளாறு நுரைத்துக்கொண்டு வரும்போது கதை தலைகீழ். உப்பு இறங்கிவிடும், மேட்டு நிலத்து மண்ணையும் மக்கிய தழையையும் அரித்துக்கொண்டு வரும் பழுப்புத் தண்ணீரில் ஹியூமிக் ஏறிவிடும், அப்போது உங்கள் அண்ணன் மகள் சொன்னது அப்படியே பலிக்கும். ஹியூமிக் மூடிய துகள் களிமண்ணோடும் தனியாகவும் நெடுந்தூரம் போய், உப்பைச் சந்திக்கும் இடம் எங்கே தள்ளிப் போயிருக்கிறதோ அங்கே போய்த்தான் படியும். மழைக்காலத்தில் அந்த இடம் முகத்துவாரத்துக்கு வெளியிலேயேகூட இருக்கலாம்.

நீங்களே பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. நல்ல நானோ வெள்ளி, தண்ணீரில் கலந்தால் இளமஞ்சள் நிறம் காட்டும், அந்த அளவுத் துகள் நீல ஒளியை விழுங்குவதால். மூன்று கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் கடையில் வாங்கிய குடிநீர், ஒன்றில் மெல்லிய துணியில் வடித்த குட்டைத் தண்ணீர், ஒன்றில் அதே குட்டைத் தண்ணீரோடு ஹியூமிக் ஒரு சொட்டு. மூன்றிலும் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிற அளவுக்குச் சமமாக வெள்ளியை விட்டு நிழலில் வையுங்கள். குட்டைத் தண்ணீரில் மஞ்சள் மங்கிச் சாம்பல் ஆனாலோ, நிறமே போனாலோ துகள் திரண்டுவிட்டது, நீங்கள் காசு கொடுத்த "நானோ" அங்கே இல்லை என்று அர்த்தம். ஹியூமிக் பாட்டிலில் பழுப்பு நிறம் மறைத்துக் குழப்பும், அதனால் வெள்ளி போடாத ஒரு ஹியூமிக் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முதல் பாட்டிலிலேயே மஞ்சள் வரவில்லை என்றால் கேனில் இருப்பது வெறும் வெள்ளி உப்புக் கரைசலாகவோ வேறு எதுவாகவோ இருக்கலாம், அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இது அளவு சொல்லும் சோதனை அல்ல. ஊற்றப்போகும் அளவில் நிறம் தெரியாது, கூட்டிப் போட்டால்தான் தெரியும். மிச்சத்தைக் குட்டையிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இறால் விட்ட குட்டையில் நானோ வெள்ளியை ஊற்றவே மாட்டேன். கிருமி நீக்கம் வேண்டுமென்றால் அது தண்ணீர் எடுக்கும் தொட்டியில், குஞ்சு விடுவதற்கு முன்னால், ப்ளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் முழுசாகப் போனதைச் சோதித்த பிறகு குட்டைக்கு ஏற்றுவது. அங்கேயும் கரிமம் அதிகமிருந்தால் குளோரினை அது தின்றுவிடும் என்பதால் முதலில் தண்ணீரைத் தெளிய விட்டுவிட்டுப் போட வேண்டும். குட்டைக்குள் விப்ரியோ ஏறுகிறது என்றால் பெரும்பாலும் அடிச் சேறும் மிஞ்சிய தீவனமும்தான் காரணம், செக் ட்ரேயை (தீவனம் மிஞ்சுகிறதா என்று பார்க்கும் தட்டை) பார்த்துத் தீவனத்தைக் குறைப்பதும் ஏரேட்டரை இரவில் நிறுத்தாமல் ஓட்டுவதும் எந்தக் கேனையும்விட மலிவு. கடைக்காரரிடம் கேட்க வேண்டுமென்றால் மூன்றே கேள்வி: துகள் அளவு என்ன, மேல்பூச்சு என்ன, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வெள்ளி. உப்புத் தண்ணீரில் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று நாலாவதாகவும் கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். அறுவடைக்குப் பிறகு தண்ணீரை நேராக வடிகாலில் திறந்துவிடாமல், வண்டல் தொட்டியிலோ காலியான குட்டையிலோ சில நாள் நிறுத்தித் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் விடுங்கள். உப்புத் தண்ணீர் என்பதால் படிய வைப்பதில் கரிமமும் சுண்ணாம்பும் உங்களுக்குச் சாதகம். அடிச் சேற்றில் வெள்ளியும், தீவனத்திலும் மருந்திலும் வந்த துத்தநாகமும் செம்பும் சல்ஃபைடாகக் கிடக்கும். குட்டையைக் காயப்போட்டு உழும்போது காற்றுப் பட்டாலும் வெள்ளி சல்ஃபைடு பெரிதாக அசையாது, ஆனால் துத்தநாகமும் செம்பும் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். அதனால் சேற்றை ஈரமாக இருக்கும்போதே மோட்டார் வைத்து வாய்க்காலில் தள்ளுவதும், மழைக்கு முன்னால் கரையில் குவித்து வைப்பதும் இரண்டுமே வேண்டாம். காய்ந்ததும் அள்ளி, வாய்க்காலுக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் தள்ளி, மழைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகாத மேட்டில் போடுங்கள்.